உம்மென்றிருக்கும் ஒரு வினைச்சொல்

கும்பகோணத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய பெண் ஏழாம் வகுப்பில் வாசிக்கிறாள். வீட்டில் நடப்பதைப் பற்றி ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியங்கள் எழுதி வரும்படி பள்ளிக்கூடத்தில் சொன்னார்களாம். குழந்தை நான்கு வாக்கியங்களைச் சிரமமில்லாமல் எழுதிவிட்டாள். ஐந்தாவதாக, "மை பிரதர் இஸ் ஸல்கிங் மீ" என்று எழுதினாள். சிவப்பு மசியினால் அதன் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. ஏன் விழுந்தது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. "அகராதியில் பார்த்தேன். 'உம்மென்றிருத்தல்' என்றுதான் போட்டிருக்கிறது. அண்ணன்காரன் இரண்டு நாளாக அவளிடம் உம்மென்றுதான் இருக்கிறான். அப்படியிருக்க, இதில் என்ன பிசகு?" என்று கேட்கிறார் அந்தச் சகோதரி.

இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் முக்கால்வாசி 'ஷல்'லுக்கும் 'வில்'லுக்கும் உள்ள சண்டையைத் தீர்த்து வைக்கச் சொல்லி வருபவை. அந்தச் சண்டையில் இருதரப்பாருமே ஏறக்குறைய ஓய்ந்து போய்விட்டார்கள் என்பதை எத்தனை தரம் எழுதினாலும் நேயர்கள் ஒப்புக்கொள்வதாயில்லை. ஒரு சொல்லின் சுபாவத்தைப் பற்றி வந்த கடிதம் இது. ஆகையால் சற்று விஸ்தாரமாகவே பதில் சொல்ல உத்தேசம்.

முதலில் உச்சரிப்பு. எஸ், யு, எல், கே என்ற நான்கெழுத்துச் சொல் இது. 'டாக்', 'வாக்' என்று நாம் சொல்லும் சொற்களில் எல் என்னும் எழுத்து ஏட்டில் மட்டும் உட்கார்ந்திருந்து வாயில் வராமல் போய்விடுகிறது. அதைப் பார்த்துவிட்டு இதையும் 'ஸக்' என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. அது தவறு. 'மில்க்', 'ஸில்க்' ஆகியவற்றைப் போல் இதிலும் எல் ஒலிக்க வேண்டும்.

அடுத்தாற்போல் இலக்கணம். 'ஸல்க்' என்பது செயப்படுபொருள் குன்றிய வினை. 'தூங்கு' என்பதைப் போன்றது. அவன் தூங்குகிறான் என்று சொல்லலாமேயொழிய, அவன் என்னைத் தூங்குகிறான் என்று சொல்ல முடியாதல்லவா? அதைப் போலவே 'ஸல்கிங் மீ' என்பதும் ஆகாது. அண்ணனுடைய கோபம் தங்கையின் மேல்தான் என்றாலும், இந்த வினை அந்தக் கோபத்தைத் தங்கையிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. அண்ணனுடனேயே மூலையில் குந்திக் கொள்கிறது. எதைப் பற்றி என்று சொல்ல வேண்டுமானால், 'அபௌட்' அல்லது 'ஓவர்' என்ற சொல்லைத் துணைக்கு அழைக்க வேண்டும். "மை பிரதர் இஸ் ஸல்கிங் அபௌட் த பிராக்கன் பாட்": உடைந்த மட்டையைப் பற்றி அண்ணன் உம்மென்றிருக்கிறான். அல்லது எதையும் சேர்க்காமல், "மை பிரதர் ஹாஸ் பீன் ஸல்கிங் ஃபார் டூ டேஸ்" என்றே நிறுத்திக்கொள்ளலாம். குழந்தை சொல்ல வந்த விஷயத்துக்கு இதுதான் பொருத்தமான வாக்கியம்.

இரண்டு நாள் என்று கால அளவைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. கண நேரத்தில் வந்து கண நேரத்தில் மறைகிற கோபத்தை இந்தச் சொல்லால் சொல்லக்கூடாது. "ஹி ஸல்க்ட் ஃபார் அ செகண்ட்" என்றால் அர்த்தம் ஒட்டாது. ஸல்க் என்பது நீடிப்பது. சாயங்காலம் முழுவதும், சாப்பாட்டு வேளை முழுவதும், ரயில் பிரயாணம் முழுவதும் என்று அதற்குக் கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டும். ஆகையால்தான் அது பெரும்பாலும் 'ஸல்கிங்' என்ற தொடர்வினை உருவத்திலேயே நம் காதில் விழுகிறது. பெயர்ச்சொல்லாகவும் வரும்: "ஷி இஸ் இன் அ ஸல்க்" என்பது வழக்கிலுள்ள பிரயோகந்தான்.

இதற்குப் பக்கத்து வீட்டுச் சொற்கள் சிலவற்றை இதனுடன் குழப்பிக்கொள்ளக்கூடாது. 'பௌட்' என்றால் உதட்டைப் பிதுக்குவது. அது முகத்தின் தொழில், ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடலாம். 'மோப்' என்றால் துயரத்தில் சோர்ந்து கிடப்பது; அதில் யார்மேலும் குறையில்லை. 'ப்ரூட்' என்பது கோழி முட்டையின்மேல் அமர்ந்திருப்பதைக் குறிக்கும் சொல். மனத்துக்கு வரும்போது, ஒரே நினைப்பை அடைகாத்துக் கொண்டிருப்பது என்று பொருள்படும். 'ஃப்ரெட்' என்னும் சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் தின்னுதல் என்றே அர்த்தம். கவலை ஒருவனை அரித்துத் தின்கிறது என்று நாம் சொல்வதில்லையா, அதே கருத்து ஆங்கிலேயர்களுக்கும் தோன்றியிருக்கிறது. இவை எல்லாவற்றிலும் மனிதன் தனக்குத் தானே வருந்துகிறான். ஸல்க் செய்கிறவன் மட்டும் பிறர் பார்க்கும்படி வருந்துகிறான். யாருமே இல்லாத தீவில் ஒருவன் ப்ரூட் செய்யலாம், மோப் செய்யலாம். ஸல்க் செய்ய முடியாது. பேச்சை நிறுத்திவிட்டான் என்பதைக் கவனிக்க ஓர் ஆளாவது அடுத்த அறையில் இருக்க வேண்டும்.

இந்த வினைச்சொல் பிறந்த விதமும் வேடிக்கையானது. சாதாரணமாக வினையிலிருந்துதான் மற்றச் சொற்கள் கிளைக்கும். இங்கே தலைகீழ். 'ஸல்கி' என்ற பண்புச்சொல் 1744-லேயே அச்சில் காணப்படுகிறது. அதன் வாலை நறுக்கி உண்டாக்கிய 'ஸல்க்' என்ற வினை 1781-ல்தான் தலைகாட்டுகிறது. 'எடிட்டர்' முதலில் வந்து, அதிலிருந்து 'எடிட்' என்ற வினை பிறந்ததைப் போல. உம்மென்றிருக்கும் ஆசாமிகளை முதலில் பார்த்துவிட்டு, அவர்கள் செய்வது என்ன தொழில் என்று பிறகு யோசித்திருக்கிறார்கள் போலும்.

இடையில் அந்தப் பண்புச்சொல் ஒரு வண்டிக்கும் பெயராயிற்று. இரண்டே சக்கரம், ஒற்றைக் குதிரை, ஓட்டுகிறவன் ஒருவன் மட்டுமே உட்காரக்கூடிய ஆசனம். பக்கத்தில் ஒருவரையும் ஏற்றிக்கொள்ளாத வண்டியாகையால் அதற்கு 'ஸல்கி' என்று பெயரிட்டார்கள். மேல்நாடுகளில் குதிரையை ஓட்டநடையில் விட்டுப் பந்தயம் நடத்தும் இடங்களில் இன்றும் அந்த வண்டி ஓடுகிறது, பெயரும் அதுவேதான்.

வண்டியோடு நிற்கவில்லை, அறையும் உண்டு. பிரெஞ்சு பாஷையில் 'பூதே' என்ற வினைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளுதல் என்று அர்த்தம். அதிலிருந்து வந்ததுதான், சீமாட்டிகளின் அந்தரங்க அறைக்கு வழங்கும் 'பூத்வார்' என்ற சொல். அதாவது, உம்மென்றிருப்பதற்கென்றே வீட்டில் ஒதுக்கப்பட்ட இடம்! பிரெஞ்சுக்காரர்களின் நாகரிகத்தைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டியதில்லை. அயோத்தியில் தசரத சக்கரவர்த்தியின் அரண்மனையிலே குரோதாகாரம் என்று ஓர் அறை இருந்ததாக வால்மீகி முனிவர் சொல்லியிருக்கிறார். கைகேயி ஆபரணங்களைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுந்தரையில் போய்ப் படுத்துக்கொண்டது அங்கேதான்.

கைகேயி செய்தது ஸல்க்கா? மாணவர்களிடம் இந்தக் கேள்வியைப் போட்டால் வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். என் அபிப்பிராயம் இது: தசரதன் வந்து, தரையில் கிடந்தவளைத் தேற்றி, என்ன வேண்டும் என்று கெஞ்சும்வரையில் அவள் செய்தது ஸல்க். வாயைத் திறந்து இரண்டு வரங்களைக் கேட்ட க்ஷணத்தில் அந்த வினைச்சொல் அவளைவிட்டுக் கழன்று போய்விட்டது. அதன்பிறகு நடந்தது எவ்வளவோ பெரிய விபரீதம். ஆனால் அது ஸல்க் அல்ல. தன் குறையை வாய்விட்டுச் சொல்லி, இன்னது வேண்டும் என்று கேட்கிறவரைப் பற்றி இந்தச் சொல்லைப் பிரயோகிக்கக்கூடாது என்பதுதான் அகராதிகள் எடுத்துச் சொல்லாத நுட்பம்.

நம்முடைய குழந்தைகளுக்கு இந்த வேற்றுமை நன்றாகத் தெரியும். தெருவில் கோலிக்குண்டு ஆடும்போது சண்டை வந்தால், "போடா, உன்னோடு காய்!" என்று சொல்லிவிட்டுத்தான் பேச்சை நிறுத்துகிறார்கள். சமாதானம் என்றால் 'பழம்' விடுகிறார்கள். காய் விட்டதும் எல்லோருக்கும் தெரிகிறது. பழம் விட்டதும் தெரிகிறது. இதை ஸல்க் என்று மொழிபெயர்த்தால் குழந்தைகளுக்கு அநியாயம் செய்தவர்களாவோம். காய் விடுவதற்கு அறிவிப்பு உண்டு. ஸல்க்குக்கு அறிவிப்பே கிடையாது. "என்ன கோபம்?" என்று கேட்டால், "ஒன்றுமில்லையே!" என்று பதில் வரவேண்டும், அதுதான் அதன் முத்திரை.

இந்த முத்திரையை அசல் உருவத்தில் பார்க்க விரும்புகிறவர்கள் கல்யாண வீட்டுக்குப் போகலாம். காப்பி ஆறிப் போயிருந்ததென்றோ, முதல் பந்தியில் தம்முடைய சித்தப்பாவைக் கூப்பிடவில்லையென்றோ மாப்பிள்ளை ஜன்னலோரமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். மாமனார் பதறிப்போய், "மாப்பிள்ளை, ஏதாவது குறையா?" என்று கேட்கிறார். "குறையா? எனக்கென்ன குறை!" என்கிறார் மாப்பிள்ளை, ஜன்னலைப் பார்த்தபடி. இதற்கு நம்மவர்கள் 'மாப்பிள்ளை முறுக்கு' என்று தனிப் பெயர் கொடுத்து, ஏறக்குறைய ஒரு சடங்காகவே அங்கீகரித்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் "த ப்ரைட்க்ரூம் இஸ் ஸல்கிங்" என்பது இங்கே நூற்றுக்கு நூறு சரியான வாக்கியம். ஆனால் அதைச் சொல்லக்கூடியவர் யார்? சமையற்கட்டில் அத்தை சொல்லலாம். மாமனார் சொன்னால் கல்யாணம் நின்றாலும் நின்றுவிடும்!

இங்கேதான் இந்தச் சொல்லின் மர்மம் இருக்கிறது. ஸல்க் என்பது நடப்பதை மட்டும் சொல்லும் வினை அல்ல. தீர்ப்பும் சொல்லும் வினை. 'அவன் பேசாமல் இருக்கிறான்' என்றால் சாட்சி சொல்வதாகும். 'அவன் ஸல்க் செய்கிறான்' என்றால், அவன் பேசாமல் இருக்கிறான், அவனுடைய குறை அற்பமானது, அவன் நடத்தை சிறுபிள்ளைத்தனமானது என்று மூன்று சங்கதிகளைச் சேர்த்துச் சொன்னதாகும். ஆகவேதான் இதைத் தன்மையில் நிகழ்காலத்தில் யாரும் மனப்பூர்வமாகச் சொல்வதில்லை. "ஐ ஆம் ஸல்கிங்" என்று ஒருவர் சொன்னால், அவர் தம்மையே கேலி செய்துகொள்கிறார் என்று அர்த்தம். சொல்லும்போதே பாதிக் கோபம் போய்விட்டது. "ஐ ஸல்க்ட் ஃபார் அ வீக்" என்று இறந்தகாலத்தில் ஒப்புக்கொள்ளலாம். வயதானபிறகு நாம் எல்லோரும் ஒப்புக்கொள்ளக்கூடியதே. ஏவல் உருவத்தில், "டோன்ட் ஸல்க்!" என்று பெரியவர்கள் குழந்தைகளிடம் சொல்வார்கள். குழந்தை பெரியவரிடம் சொல்வதில்லை. எஜமானன் வேலைக்காரனைச் சொல்வான். வேலைக்காரன் எஜமானனைச் சொல்ல வேண்டுமானால் அவன் முதுகுக்குப் பின்னால்தான் சொல்ல வேண்டும். ஆக, இந்த வினை மேலிருந்து கீழ்நோக்கியே சரளமாக ஓடுகிறது.

நம் இலக்கியத்தில் ஊடல் என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு இந்தச் சொல்லைப் போடலாமா என்று கல்லூரி மாணவர் ஒருவர் முன்பு ஒரு தரம் என்னைக் கேட்டார். போடவே கூடாது. ஊடலுக்கு மருதத்திணையையே உரிமையாக்கிக் கொடுத்தவர்கள் நம் முன்னோர்கள். வள்ளுவர் தமது நூலை முடிக்கும் அதிகாரத்துக்கே ஊடலுவகை என்று பெயர். புலவியானது உணவில் உப்பைப் போல அளவோடிருக்க வேண்டும் என்று அவர் சொல்லியிருப்பதும் பிரசித்தம். ஊடலில் இருவருக்கும் பங்கு உண்டு; இருவருக்கும் பெருமை உண்டு. ஸல்க்கில் ஒருவருக்கும் பெருமை இல்லை. உப்பு மிகுந்து போன கறி என்று வேண்டுமானால் அதை வைத்துக்கொள்ளலாம்.

ஆங்கிலேயர்கள் இந்தச் சொல்லைக் கேட்டவுடன் நினைப்பது அக்கிலீஸ் என்னும் கிரேக்க வீரனை. கூடாரத்தில் ஸல்க் செய்யும் அக்கிலீஸ் என்பது அவர்களுக்குப் பழகித் தேய்ந்துபோன உவமானம். தேர்தலில் தோற்றவர்களிலிருந்து பந்தாட்டத்தில் சேர்க்கப்படாதவர்கள்வரை எல்லோர்மேலும் அதைத் தூக்கிப் போடுகிறார்கள். ஆனால் ஹோமரின் இலியத்தைப் படித்தவர்களுக்கு ஒரு சந்தேகம் எழ வேண்டும். சேனைக்குத் தலைவனான அகமெம்னான், அக்கிலீஸுக்குப் பரிசாக அளிக்கப்பட்டிருந்த பெண்ணைப் பலாத்காரமாகப் பறித்துக்கொள்கிறான். அக்கிலீஸ் மூலையில் போய் உட்காருவதற்கு முன்னால், சபை நடுவிலேயே எழுந்து நின்று, இது அக்கிரமம், இனி உனக்காகப் போரிட மாட்டேன் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுத்தான் போகிறான். அது ஸல்க் ஆகுமா? அகமெம்னானைக் கேட்டால் ஆகும் என்பான். பறித்தவனுக்கு அப்படித்தான் தோன்றும். பிற்பாடு ஒன்பதாம் காண்டத்தில், பறித்ததைத் திருப்பித் தருவதாகவும் அதற்குமேல் ஏராளமான வெகுமதிகள் தருவதாகவும் தூதர்கள் வந்து மன்றாடியபோதும் அவன் அசையவில்லை. அந்த இடத்திலிருந்து வேண்டுமானால் அந்தச் சொல் அவனுக்குப் பொருந்தக்கூடும். அதையும் தயக்கத்தோடுதான் சொல்கிறேன்.

அதிகாரத்திலிருப்பவர்களுக்கு இந்தச் சொல் எவ்வளவு சௌகரியமானது என்பதைக் கவனியுங்கள். ஒருவன் ஒத்துழைக்க மறுக்கிறான். ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு நமக்கு வந்துவிடும். ஸல்க் செய்கிறான் என்று சொல்லிவிட்டால் பொறுப்பு முழுவதும் அவனுடையதாகிவிடும். மகாத்மா காந்தி 1930-ஆம் வருஷம் மார்ச் 12-ந் தேதி சபர்மதியிலிருந்து உப்பெடுக்கப் புறப்பட்டார். அதற்குப் பத்து நாட்களுக்கு முன்னால், மார்ச் 2-ந் தேதியே, வைஸ்ராய் இர்வின் பிரபுவுக்கு நீண்ட கடிதம் எழுதி, குறைகள் இன்னின்னவை, நீக்காவிட்டால் செய்யப்போவது இன்னது என்று தெரிவித்துவிட்டார். அந்தக் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் ரெஜினால்ட் ரெய்னால்ட்ஸ் என்ற ஓர் ஆங்கிலேய இளைஞர். தேதி போட்டுக் கடிதம் எழுதி, ஆள்மூலம் அனுப்பிவிட்டு யாராவது ஸல்க் செய்வதுண்டா? அதற்கு ஆங்கிலத்தில் வேறு சொற்கள் இருக்கின்றன. 'ப்ரொடெஸ்ட்' இருக்கிறது, 'ரெஃப்யூஸ்' இருக்கிறது. ஆங்கில பாஷையின்மேல் குற்றமில்லை. எந்தச் சொல்லை எடுப்பது என்பது எடுப்பவரைப் பொறுத்தது.

இவ்வளவும் பிறருக்குச் சொல்கிறேனேயொழிய, இந்தச் சொல்லை நானே மிகவும் தவறாகப் பிரயோகித்ததுண்டு. இலக்கணத் தவறல்ல, இலக்கணம் சுத்தமாகவே இருந்தது. அதுதான் கஷ்டம்.

சில வருஷங்களுக்கு முன்னால் எட்டாம் வகுப்புக்கு 'என் தந்தை' என்ற விஷயத்தைக் கொடுத்து ஆங்கிலத்தில் கட்டுரை எழுதச் சொன்னேன். நாற்பது கட்டுரைகளில் முப்பத்தொன்பது தந்தைமார்கள் 'குட்' ஆகவும் 'கைண்ட்' ஆகவும் இருந்தார்கள். ஒரு பையன் மட்டும், "மை ஃபாதர் ட்ரட்ஜஸ் ஹோம் அட் நைன், வித் த லாடர் ஆன் ஹிஸ் ஷோல்டர்" என்று எழுதியிருந்தான். அவனுடைய தகப்பனார் வீடுகளுக்கு வெள்ளையடிக்கும் வேலை செய்பவர். இரவு ஒன்பது மணிக்கு, தோளில் ஏணியுடன், களைத்த கால்களை இழுத்து இழுத்து வைத்து வீட்டுக்கு வருகிறார் என்று அர்த்தம். 'ட்ரட்ஜ்' என்பது எட்டாம் வகுப்புப் பாடப் புஸ்தகத்தில் இல்லாத சொல். அதுவும் இவ்வளவு பாந்தமாக வந்து உட்கார்ந்திருந்தது. வகுப்பில் அந்தப் பையன் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தவனுமல்ல. ஓரத்தில், "யாரைப் பார்த்து எழுதினாய்?" என்று சிவப்பு மசியில் எழுதினேன். மறுநாள் வகுப்பில் அவன் எழுந்து நின்று, "நானேதான் எழுதினேன், ஸார்" என்றான். "பொய் சொல்லாதே, உட்கார்" என்றேன்.

உட்கார்ந்தான். அன்று முதல் அவன் கையை உயர்த்தவில்லை. கேட்டால் பதில் சொல்வான். கேட்காவிட்டால் டெஸ்க்கைப் பார்த்துக்கொண்டிருப்பான். இரண்டு மாதம் இப்படிப் போயிற்று. பருவ முடிவில் பிராக்ரஸ் ரிப்போர்ட் எழுதும்போது, நடத்தை என்ற கட்டத்தில், "ஸல்க்ஸ் வென் கரெக்டட்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். திருத்தினால் உம்மென்றிருப்பான் என்று பொருள். படர்க்கை ஒருமைக்கு எஸ் போட்டிருந்தேன், செயப்படுபொருள் சேர்க்கவில்லை. மூன்றே சொற்களில் வாக்கியம் கச்சிதமாக அமைந்துவிட்டதென்று எனக்குத் திருப்திகூட ஏற்பட்டது என்பதை மறைப்பானேன்?

நான்காம் நாள் அவனுடைய தகப்பனார் வந்தார். விரலிடுக்குகளில் சுண்ணாம்பு காய்ந்திருந்தது. வேலை செய்துகொண்டிருந்த வீட்டுக்காரரிடம் ரிப்போர்ட்டைக் காட்டி அர்த்தம் கேட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"ஐயா, பையன் உம்மென்று இருக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்களாம். வீட்டிலும் அப்படித்தான் இருக்கிறான். எனக்கும் காரணம் சொல்ல மாட்டேனென்கிறான். உங்களுக்காவது சொன்னானா என்று கேட்டுவிட்டுப் போகலாமென்று வந்தேன்" என்றார்.

அவர் குரலில் குற்றச்சாட்டு ஒன்றுமில்லை. தெரிந்துகொள்ளத்தான் வந்திருந்தார். எனக்கோ, அவன் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சொல்லியிருந்தான். வகுப்பு முழுவதற்கும் கேட்கும்படி, எழுந்து நின்று, ஒரே வாக்கியத்தில் சொல்லியிருந்தான்.

பையனைக் கூப்பிட்டேன். "ட்ரட்ஜ் என்ற சொல்லை எங்கேயடா கற்றுக்கொண்டாய்?" என்று கேட்டேன்.

"உங்களிடந்தான், ஸார்" என்றான். "போன வருஷம் ஒருநாள் மழையில் நனைந்துகொண்டு வந்தீர்களே! ஸ்டேஷனிலிருந்து வழிநெடுக 'ட்ரட்ஜ்' செய்து வந்தேன் என்று இங்கிலீஷில் சொன்னீர்கள். நோட்டுப் புஸ்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டேன்."

நோட்டுப் புஸ்தகத்தையும் கொண்டுவந்து காட்டினான். கடைசிப் பக்கத்தில் அந்த ஒரு சொல் மட்டுமல்ல, நான் வகுப்பில் போகிற போக்கில் உதிர்த்த சொற்கள் இருபது முப்பது வரிசையாக இருந்தன. எனக்கு எதுவும் ஞாபகமில்லை. தகப்பனாருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரிப்போர்ட்டில் எழுதியதை ரப்பரால் அழிப்பதற்கில்லை. கோடு போட்டு அடித்து, பக்கத்தில் என் முதலெழுத்தைப் போட்டு, கீழே, "ஹி ஸ்போக் த ட்ரூத் அண்ட் வாஸ் நாட் பிலீவ்ட்" என்று எழுதினேன். திருத்தங்களுக்குத் தலைமையாசிரியரின் கையெழுத்து வேண்டும் என்பது விதி. அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வாசித்துவிட்டு, "நடத்தைக் கட்டத்திலா இதை எழுதுவது?" என்றார். "நடத்தைதான், ஸார், என்னுடையது" என்றேன். ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தகப்பனார் அந்த வாக்கியத்தைத் தமிழில் ஒரு தடவை சொல்லச் சொன்னார். 'உண்மையைத்தான் சொன்னான், நம்பப்படவில்லை' என்று சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு ரிப்போர்ட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

பையன் அடுத்த நாளே கையை உயர்த்திவிட்டான் என்று எழுதினால் கதை அழகாக இருக்கும். ஆனால் அப்படி நடக்கவில்லை. இன்னும் மூன்று வாரம் பிடித்தது. அதற்குப் பிறகு 'என் ஆசிரியர்' என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னேன். இந்தத் தடவையும் முப்பத்தொன்பது பேர் என்னைக் 'குட்' ஆகவும் 'கைண்ட்' ஆகவும் ஆக்கியிருந்தார்கள். இவன் கட்டுரை ஆறே வரி. கடைசி வரி, "மை டீச்சர் டஸ் நாட் ஸல்க் வென் கரெக்டட்" என்றிருந்தது.

'டஸ்' வந்துவிட்டபடியால் ஸல்க்குடன் எஸ் சேர்க்காமல் சரியாக எழுதியிருந்தான். முழு மார்க் கொடுத்தேன்.